அண்ணனின் இன்ஜின் அளவு: ஒரு திருத்தம்

அண்ணன் நம்மை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. அவர் நினைவாக இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்கள், நண்பர்கள், அக்கம்பக்கத்துத் தோட்டத்தார் அனைவருக்கும் உடன்பிறந்த தங்கையின் வணக்கம். பிறந்தார், உழைத்தார், ஓய்வு பெற்றார், மறைந்தார் என்று ஒரு பக்கத்துக்குள் முடித்துக் கொடுங்கள் அத்தை என்று அண்ணன் மகன் கேட்டிருந்தான். முடியாது என்று சொல்லிவிட்டேன். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு விஜயதசமிக் காலையில் உங்களில் பாதிப் பேர் அண்ணன் வீட்டு வாசலில் நின்றீர்கள். அன்று அண்ணன் உங்கள் எல்லோர் முன்னாலும் ஒரு வார்த்தை சொன்னார். அந்த வார்த்தையைத் திருத்தத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். அதற்கு ஒரு பக்கம் போதாது.

அண்ணன் பாலக்காட்டுப் பக்கம் எருத்தேன்பதியில் எங்கள் தோட்டத்து வீட்டில் பிறந்தார். அப்பாவுக்கு நிலக்கடலையும் தென்னையும்தான் விவசாயம். கிணற்று மேட்டில் ஓர் ஆயில் இன்ஜின் இருந்தது. மற்றப் பிள்ளைகள் கிணற்றில் குதித்துக் கும்மாளம் போட்டபோது, அண்ணன் அந்த இன்ஜின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து அதன் சக்கரம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாராம். பள்ளிப் படிப்பு முடிந்ததும் ஐடிஐயில் ஃபிட்டர் படித்தார். பிறகு தேவிகுளம் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் ஃபிட்டராகச் சேர்ந்து, ஓய்வு பெறும் வரை அங்கேயே இருந்தார்.

அண்ணியை அங்கேதான் கல்யாணம் செய்துகொண்டார். அண்ணி எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் பிறந்து வளர்ந்தவர், அவருடைய தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மலையேறிய குடும்பம். எங்கள் வீட்டுக்கு வந்த முதல் வாரம், "ஒறம்பரை வந்திருக்குது, தண்ணி கொண்டா கண்ணு" என்று அம்மா சொல்லியிருக்கிறார். எங்கள் பக்கம் விருந்தாளிக்கு அப்படித்தான் பேர். அண்ணி அது ஏதோ கன்றுக்குட்டி என்று நினைத்து ஒரு வாளி நிறையக் கழுநீரைக் கொண்டுவந்து என் சின்னமாமனார் முன்னால் வைத்தார். அந்த வாளியைப் பற்றி என் சின்னமாமனார் சாகிற வரைக்கும் பேசினார்.

அண்ணன் கோபப்படமாட்டார், குடிக்கமாட்டார், யாரையும் புறம் பேசமாட்டார். நினைவு மலரில் எல்லோருக்கும் இப்படித்தான் எழுதுகிறார்கள், அண்ணன் விஷயத்தில் அது உண்மையாகவும் இருந்தது. ஆனால் அவரோடு ஒரு நாள் முழுக்க இருந்தவர்களுக்குத் தெரியும், மனிதர் பெரிய தொந்தரவு. சட்டைப் பையில் எப்போதும் வெர்னியர் என்கிற அளவுகோல் இருக்கும். எதைப் பார்த்தாலும் அளப்பார். என் கல்யாணத்தில் மேளக்காரர் கெட்டிமேளத்துக்குத் தயாராக இருந்தபோது, மணவறை ஒரு பக்கம் ரெண்டு நூல் இறங்கியிருக்கிறது என்று சொல்லி நிறுத்தினார். ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. என் கல்யாணப் பத்திரிகையையே நாலாக மடித்து மணவறைக் காலுக்கு அடியில் செருகிய பிறகுதான் எனக்குத் தாலி ஏறியது. அண்ணியின் இட்லி கூடத் தப்பவில்லை. நடு உயரத்துக்கும் ஓர உயரத்துக்கும் வித்தியாசம் அதிகம் என்று முப்பது வருடத்துக்கு மேல் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் அவர் வெட்டியது, கடைந்தது, பொருத்தியது எதுவும் ஒரு நாளும் மாறியதில்லை. அந்த விஜயதசமி வரை, அளவு தப்பிப்போச்சு என்று அண்ணன் வாயால் சொல்லி யாரும் கேட்டதில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓய்வு பெற்று எருத்தேன்பதிக்கே திரும்பி வந்த வருடம், கோயம்புத்தூரிலிருந்து லோடு ஆட்டோவில் ஒரு மரப்பெட்டி வந்து இறங்கியது. பெட்டியின் அளவைப் பார்த்து வாஷிங் மெஷின் என்று முடிவுகட்டிய அண்ணி, பக்கத்துத் தோட்டத்துக்காரியைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு பெட்டியைப் பிரித்தார். உள்ளே இரும்பு கடைகிற ஒரு குட்டி லேத் இருந்தது. மேஜை மேல் வைக்கிற அளவு, தூக்க இரண்டு பேர் போதும். அண்ணி அன்றைக்கு முழுவதும் துணியைக் கல்லில் ஓங்கி ஓங்கி அடித்துத் துவைத்தார். அண்ணன் அதைக் கவனிக்கவுமில்லை. தேங்காய் போட்டு வைக்கும் அறையைக் காலி செய்து லேத்தை அங்கே குடிவைத்துவிட்டு, அப்பாவின் ஆயில் இன்ஜினைப் போலவே உள்ளங்கையில் வைக்கிற அளவுக்கு ஓர் இன்ஜின் செய்யப் போவதாகச் சொன்னார். பெட்ரோல் ஊற்றினால் நிஜமாகவே ஓடுமாம். எந்தக் கிணற்றில் எந்தத் தண்ணீரை இறைக்கப் போகிறீர்கள் என்று அண்ணி கேட்டார். இறைக்காது, ஓடும், அவ்வளவுதான் என்றார் அண்ணன்.

அந்த இன்ஜினுக்கு இரண்டரை வருடம் ஆயிற்று. பக்கத்துத் தோட்டத்தில் மோட்டார் போட்டால் கரண்ட் இறங்கி லேத்தின் சத்தம் தொண்டை கட்டியதுபோல் ஆகும். அதனால் அவர்கள் தண்ணீர் பாய்ச்சும் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொண்டு, இரும்பின் கடைசிச் சீவலை அதற்கு முன்னாலேயே எடுத்து முடிப்பார். சக்கரத்தைச் சுற்றுகிற கிராங்க் தண்டு, இரும்பு முறுக்கிக்கொண்டு நாலு தடவை கோணலாகிப் போயிற்று. இரும்பில் ஓட்டை இருந்ததால் ஒதுக்கிய ஒரு குட்டிச் சக்கரத்தை அண்ணி ஊறுகாய் ஜாடி மேல் பாரமாக வைத்துக்கொண்டார். வால்வுக்கு பால்பாயிண்ட் பேனாவின் ஸ்பிரிங்கை வெட்டிப் போட்டார். பெட்ரோல் சொட்டுகிற குழாய்க்கு மிக மெல்லிய ஊசி வேண்டும் என்று மாட்டு டாக்டரிடம் போய் நின்றார். மாட்டுக்கு என்ன செய்கிறது என்று டாக்டர் கேட்க, மாடு நல்லாத்தானுங்க இருக்குது, இன்ஜினுக்குத்தான் என்று சொல்லியிருக்கிறார். டாக்டர் ஊசியைக் கொடுத்துவிட்டு, அண்ணனுக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று என் வீட்டுக்காரரிடம் தனியாக விசாரித்தார்.

எல்லாவற்றையும்விட அண்ணனுக்குப் பெருமை அந்தச் சிலிண்டரின் மேல்தான். கோயம்புத்தூர் இரும்புக் கடையில் பொறுக்கிய வார்ப்பிரும்புத் துண்டு அது. அதன் துளையும் (அண்ணன் பாஷையில் போர்) உள்ளே போகும் பிஸ்டனும் ஒன்றுக்கொன்று அப்படிப் பொருந்தவேண்டும். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். பிஸ்டனில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு உள்ளே இறக்கினார். சிலிண்டரின் மறுபக்க வாயை விரலால் மூடினால் பிஸ்டன் அந்தரத்தில் நின்றது. விரலை எடுத்தால் வழுக்கிக்கொண்டு இறங்கியது. "காத்துக்கூட போவாது அம்முணி" என்றார். ஐடிஐ சர்டிபிகேட் வாங்கி வந்த அன்றைக்கு இருந்த முகம் அது.

விஜயதசமியன்று காலையில் முதன்முதலாக ஓட்டிக் காட்டுவது என்று முடிவாயிற்று. முந்தின நாள் ஆயுத பூஜை. அண்ணன் கோவிந்தாபுரம் பக்கத்து உறவுக்காரர்களை நேரில் அழைக்கப் போயிருந்தார். பூஜைக்கு எல்லாம் எடுத்து வைக்கிற பொறுப்பு எப்போதும் என்னுடையது. கூப்பிடு தூரத்தில்தான் என் தோட்டம். லேத்தைத் துடைத்து விபூதிப் பட்டை போட்டேன். வெர்னியர், அரிவாள், தேங்காய் உரிக்கிற பாரை, அண்ணியின் மிக்சி, ஸ்கூட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். கடைசியில் இன்ஜினை மனைப்பலகையில் வைத்தேன். சிலிண்டர் நட்டுக்குத்தலாக நிற்கிற அழகைப் பார்த்தால் சின்னச் சிவலிங்கம் மாதிரியே இருந்தது. கையெடுத்துக் கும்பிட்டேன்.

உச்சியில் ஒரு துளை இருந்தது. அது பெட்ரோலுக்குப் பொறி தட்டுகிற பிளக்கை மாட்டுகிற இடம், புல் வெட்டும் மிஷினிலிருந்து எடுத்த பிளக். பிளக்கை அண்ணன் கழற்றித் தனியே கிண்ணத்தில் வைத்திருந்தார். எனக்கு அந்தத் துளையைப் பார்த்ததும் ஊதுபத்தி ஸ்டாண்டு என்றுதான் தோன்றியது. ஊதுபத்தியை நட்டேன், சாய்ந்தது. துளை பெரிது. ஆகையால் அதற்குள் விபூதியைக் கொட்டி, விரலால் நன்றாக அமுக்கி, மல்லிகை ஊதுபத்தி மூன்றை நட்டேன். விறைப்பாக நின்றன. பூஜைக்கு வைத்த கருவியை விஜயதசமி வரைக்கும் யாரும் தொடக்கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். ஊதுபத்திகள் எரிந்து முடிந்து, மேலே போட்ட செவ்வந்திப் பூவில் மறைந்த பிறகு, ராத்திரி ஊரிலிருந்து திரும்பிய அண்ணனும் தொடவில்லை. கன்னத்தில் போட்டுக்கொண்டு போய்ப் படுத்துவிட்டார்.

காலையில் நான்தான் முதலில் எடுத்தேன். கவிழ்த்துத் தட்டினேன், வாயால் ஊதினேன், முந்தானையை முறுக்கி உள்ளே விட்டுத் துடைத்தேன். நம் வேலை சுத்தமாக இருக்கவேண்டாமா. அண்ணன் குளித்து வருவதற்குள் வாசல் நிறைந்துவிட்டது. அவர் பிளக்கை மாட்டி, பெட்ரோலை ஊற்றி, சக்கரத்தில் கயிறு சுற்றி இழுத்தார். இரண்டு தடவை பட்பட் என்றது. எல்லோரும் கை தட்டினீர்கள். பிறகு காபிக்கொட்டை அரைக்கிற மாதிரி கரகரவென்று ஒரு சத்தம் வந்து நின்றுவிட்டது. மறுபடி இழுத்தார், மறுபடி கரகர. ஏழெட்டுத் தடவை இழுத்த பிறகு பிளக்கைக் கழற்றி, குனிந்து துளைக்கு மிக அருகில் முகத்தை வைத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் அப்படியே இருந்தார். பிறகு நிமிர்ந்து, கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, எல்லோரையும் பார்த்துச் சொன்னார்.

"அளவு தப்பிப்போச்சுங்க. போரைச் சித்தெ பெருசாக் கடைஞ்சுபோட்டேன். எல்லாரும் இருந்து சாப்புட்டுப் போங்க."

இன்ஜின் ஓடாததைவிட அந்த வார்த்தைதான் எல்லோரையும் திகைக்க வைத்தது. பொங்கலும் வடையும் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும்தான் அந்தத் திகைப்பும். வாசலைத் தாண்டுவதற்குள் சிரிப்பு ஆரம்பித்துவிட்டது. முப்பது வருடமாக அண்ணனிடம் நூல் கணக்குக் கேட்டு நொந்துபோயிருந்தவர்கள் எல்லோருக்கும் அன்றைக்குத்தான் தீபாவளி. அதற்குப் பிறகு எங்கள் பக்கத்தில் எது கோணலாகப் போனாலும் அதற்கு இன்ஜின் அளவு என்று பேர் வந்தது. கதவு சாத்தாவிட்டால் இன்ஜின் அளவு. டெய்லர் ரவிக்கையை இறுக்கமாகத் தைத்துவிட்டு, இன்ஜின் அளவாப் போச்சுங்கக்கா என்று என்னிடமே சிரித்தார். பஞ்சாயத்து மெம்பர் வாய்க்கால் பாலத்தைக் குறுகலாகக் கட்டியதற்குக்கூட அதே பதிலைத்தான் சொன்னார். அண்ணன் காதில் விழாமலா இருக்கும்? சிரித்துக்கொண்டே போய்விடுவார். வெர்னியரைச் சட்டைப் பையில் வைப்பதை மட்டும் விட்டுவிட்டார்.

மூன்று மாதம் கழித்துத்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. எங்கள் வீட்டு ஆயில் இன்ஜினைப் பிரித்த மெக்கானிக், உள்ளே தூசி போனால் என்ன ஆகும் என்று என் வீட்டுக்காரருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். நான் காபியோடு நின்று, தூசிதான் வேண்டுமா, விபூதி போனாலும் கெட்டுப்போகுமா என்று கேட்டேன். "சாம்பல் போட்டுத் தேச்சா வெங்கலக் குண்டாவே தேயுதுங்க. பிஸ்டன் எம்மாத்திரம்?" என்றார். காபி டம்ளரை அவர் கையில் கொடுக்காமல் அப்படியே உள்ளே கொண்டுவந்துவிட்டேன். அண்ணன் அளவு தப்பவில்லை, நான் அதைத் தேய்த்து வைத்திருக்கிறேன் என்று அன்றைக்குப் புரிந்தது. தன்னைத்தானே குறை சொல்லிக்கொண்டு ஊர்ச் சிரிப்பைச் சுமந்து நடக்கிற மனிதரை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

சொல்லிவிடலாம் என்று நாலைந்து தடவை போனேன். தைரியத்துக்கு ஒவ்வொரு தடவையும் ஏதாவது பலகாரம் செய்து எடுத்துப்போனேன். "ஏனுங்ணா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும்" என்று ஆரம்பித்தால் போதும், அண்ணனுக்கு ஏதாவது வேலை வந்துவிடும். கன்று அவிழ்த்துக்கொண்டது போலிருக்கிறது பார் என்பார். கரண்ட் வந்துவிட்டது, லேத்துக்குப் போகிறேன் என்பார். ஒரு தடவை நான் அழுகையோடு விபூதி என்று வாயைத் திறக்க, அவர் நெற்றியைக் காட்டி, வைத்துவிடு என்று நின்றார். வைத்துவிட்டு வந்தேன். அண்ணன் எடை ஒரு கிலோ கூடியதுதான் மிச்சம்.

அடுத்த ஆயுத பூஜைக்கு நான் போனபோது இன்ஜின் பீரோவுக்குள் அண்ணியின் பட்டுப்புடவைகளுக்கு நடுவில் இருந்தது. சாவி அண்ணனின் இடுப்பில். "இந்த வருசம் இன்ஜினுக்குத் தீட்டு அம்முணி. லேத்துக்கு மட்டும் பொட்டு வெய்யி" என்றார். அவமானத்தில் அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, லேத்துக்குப் பொட்டு வைத்துக்கொண்டே அழுதேன்.

அதற்கடுத்த தை மாதம், ஒரு சாதாரண மத்தியானம், அண்ணி என்னைக் கூப்பிட்டனுப்பினார். தேங்காய் அறையில் அண்ணன் புதிய சிலிண்டர் மாட்டிய இன்ஜினை வைத்துக்கொண்டு நின்றார். கயிறு சுற்றி ஒரே இழுப்புத்தான். கோபம் வந்த தையல் மெஷின் மாதிரி படபடவென்று பிடித்துக்கொண்டது. மாடு முளையைப் பிடுங்கிக்கொண்டு ஓட, அண்ணி அதன் பின்னால் ஓடினார். அண்ணன் இடுப்பில் கை வைத்து நின்றார், நான் அவரைப் பார்த்தேன், அவர் சக்கரத்தைப் பார்த்தார். ஊற்றிய பெட்ரோல் தீரும் வரை ஓடி, தானாக நின்றது. நான் வாசலுக்கு ஓடி ஊரையே கூப்பிடலாம் என்று திரும்பினேன். அண்ணன் வேண்டாம் என்றுவிட்டார். யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று என்னிடம் சத்தியமும் வாங்கிக்கொண்டார். மறுபடி ஓட்டிக் காட்டச் சொல்லித் தொந்தரவு செய்வார்கள் என்று காரணம் சொன்னார். எனக்கு அது பொருந்தவில்லை. கூட்டம் கூட்டிக் காட்டவேண்டும் என்று இரண்டரை வருடம் பாடுபட்ட மனிதர் அவர்.

அதற்குப் பிறகு அண்ணன் ரொம்ப நாள் இருக்கவில்லை. மூச்சுத் திணறல் அதிகமாகிப் பாலக்காட்டு ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் இருந்தார். அங்கேயும் கட்டில் கால்மாட்டில் ஒரு நூல் தாழ்ந்திருக்கிறது என்று நர்ஸம்மாவிடம் சொன்னார். அந்தப் பெண் மலையாளத்தில் சிரித்துவிட்டு, சும்மா சமாதானத்துக்கு ஓர் அட்டையை மடித்துக் காலடியில் வைத்தார். கட்டில் ஆடுவது நின்றுவிட்டது. மறுநாள் பக்கத்துக் கட்டில்காரர்களும் அண்ணனிடம் அளந்து சொல்லச் சொல்லிக் கேட்டார்கள். பன்னிரண்டாம் நாள் மத்தியானம், நான் கஞ்சி கொண்டுபோன நேரத்தில், அண்ணன் போய்விட்டார். அந்தக் கஞ்சித் தூக்கை யார் வாங்கி வைத்தார்கள் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போட்ட பந்தல் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. எங்கள் மாமன் மகன் பிரியமாகத்தான் சொன்னார், அண்ணன் ஞாபகமா இன்ஜின் அளவுலயே போட்டுட்டாங்க என்று. எல்லோரும் கண்ணீரோடு சிரித்தார்கள். என்னால் முடியவில்லை. சமையல்கட்டுக்குப் போய் அண்ணியின் கையைப் பிடித்து, ஊதுபத்தியிலிருந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அண்ணி வெண்டைக்காய் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"அவுகளுக்கு அன்னைக்கே தெரியும் தாயி. பிளக்கைக் கழத்துனதும் மல்லியப்பூ வாசம் அடிச்சிருக்கு. பெட்ரோல் இன்ஜின்ல எங்கிட்டிருந்து மல்லியப்பூ வரும்? 'இத்தனை பேரு முன்னால அவளைத் தலைகுனிய வச்சுட்டு, இன்ஜின் பேரைக் காப்பாத்தி நான் என்ன பண்ண?'ன்னாக. ரெண்டாவது சிலிண்டரும் அதே அளவுதான், ஒரு மயிரிழை மாத்தலை. அது ஓடுனது வெளிய தெரிஞ்சா, முந்துனது ஏன் ஓடலைன்னு கேப்பாகள்ல? அதுக்குத்தான் உன் வாயைக் கட்டுனாக."

கத்தியைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அண்ணி இன்னொன்றும் சொன்னார். "முப்பது வருசத்துல எனக்காக ஒரு தடவையாச்சும் இட்லி நல்லா இருக்குன்னு பொய் சொன்னாகளா? உனக்குன்னா மட்டும் வருது." இரண்டு பேரும் அழுதோம். அன்றைக்குக் குழம்பில் உப்பு இல்லை என்று சாப்பிட்டவர்கள் சொன்னது அதனால்தான், மன்னிக்கவும்.

அண்ணனின் கடைசி நாட்களில் இரவு பகல் பாராமல் கவனித்த நர்ஸம்மாவுக்கும் டாக்டர்களுக்கும், ஆம்புலன்ஸுக்கு வழிவிட்டு வண்டியை வரப்பில் இறக்கிய பால் வண்டிக்காரருக்கும், ஊசி தந்த மாட்டு டாக்டருக்கும், காரியம் முடியும் வரை கூடவே நின்ற எருத்தேன்பதி, கோவிந்தாபுரம் உறவினர்களுக்கும், தேவிகுளத்திலிருந்து பஸ் மாறி மாறி வந்த அண்ணி வீட்டாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

வாங்கிய சத்தியத்தை மீறியதற்கு அண்ணன் என்னை மன்னிக்கவேண்டும். அவர் இருந்தவரை என் தலை குனியாமல் பார்த்துக்கொண்டார். இப்போது நானாகக் குனிந்து உங்கள் எல்லோரிடமும் சொல்கிறேன். அண்ணன் தன் வாழ்நாளில் ஒரே ஒரு அளவைத்தான் தப்பாகச் சொன்னார், அதுவும் எனக்காக. கடைந்த அளவு சரியாகத்தான் இருந்தது.